முதற்கனியின் கூடை

பாலுக்கு மாதக் கணக்கு வைத்திருக்கிறோம். செய்தித்தாளுக்கும் செல்பேசிக்கும் சந்தா கட்டுகிறோம். அந்த வரிசையில் இப்போது காய்கறியும் சேர்ந்துவிட்டது. முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் வாரம் ஒருமுறை ஒரு பெட்டி நிறையக் காய்களும் கீரைகளும் வாசலுக்கு வந்து சேர்கின்றன. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான் காய்கறி வாங்குகிறார்கள்.

கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊரில் இருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் இருபுறமும் வயலும் தோட்டமும்தானே! கிணற்றுப் பாசனத்தில் விளையும் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் நம் கண்முன்னே நிற்க, காய்கறிக்கு எதற்குச் சந்தா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இன்று நம் அடுப்பில் வேகும் கத்தரிக்காய் யார் தோட்டத்தில் விளைந்தது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? தோட்டம் பக்கத்தில் இருக்கிறது, தோட்டக்காரர்தான் தூரமாகிவிட்டார். இந்தத் தூரத்தைக் குறைக்க உலகின் பல இடங்களில் எளிய குடும்பங்கள் கண்டுபிடித்த வழியே இந்தப் பெட்டி. ஒரு குடும்பமாக இதை முயன்று பார்ப்பது எப்படி, அதில் வரும் சிரமங்கள் எவை, நம் விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சற்றுச் சிந்திப்போம்.

பெட்டி என்றால் என்ன?

கடையில் நாம் காயைத் தேர்ந்தெடுக்கிறோம். முற்றலை ஒதுக்கி, பிஞ்சை எடுத்து, விலை பேசி வாங்குகிறோம். பெட்டியில் அப்படி இல்லை. அந்த வாரம் அந்தத் தோட்டத்தில் எது விளைந்ததோ அதுவே வரும். ஒரு வாரம் தக்காளி நிறைய இருக்கும். மறு வாரம் ஒன்றுகூட இருக்காது. பணத்தை மட்டும் பருவத் தொடக்கத்திலோ மாதத் தொடக்கத்திலோ கட்டிவிடுகிறோம். விளைந்தால் அதிகம் கிடைக்கும், விளையாவிட்டால் குறையும். அதாவது, விவசாயி தனியாகச் சுமந்துவந்த நட்டத்தில் ஒரு சிறு பங்கை நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

பெட்டி என்ற பெயரில் வரும் எல்லாமே இப்படிப்பட்டவை அல்ல. மொத்தச் சந்தையில் வாங்கி, கழுவி, அழகாக அடுக்கி அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. அதில் நமக்கு வசதி கிடைக்கிறது. விவசாயிக்கு மாற்றம் எதுவும் இல்லை. எனவே சந்தா கட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இந்தக் காய் யாருடைய தோட்டத்தில் விளைந்தது? நாம் கொடுக்கும் பணத்தில் அவருக்கு எவ்வளவு சேர்கிறது? மழை பொய்த்தாலோ பூச்சி விழுந்தாலோ யார் நட்டம் தாங்குவது? இம்மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால், அது நாம் பேசும் பெட்டி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் 1970-களின் தொடக்கத்தில், பூச்சிமருந்து கலந்த உணவைக் கண்டு அஞ்சிய நகரத்துத் தாய்மார்கள் குழுக்களாகச் சேர்ந்து, நேரடியாக விவசாயிகளிடம் சென்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இதற்கு அங்கே 'தெய்க்கெய்' என்று பெயர். கூட்டுறவு, கைகோத்தல் என்று பொருள் கொள்ளலாம். 1971-ல் தொடங்கப்பட்ட ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் 1978-ல் இதற்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தது. விளைந்ததை எல்லாம் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். விலையை இரு தரப்பும் ஒருவர் நிலையை மற்றவர் உணர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கெகீ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கறுப்பினப் பேராசிரியர் புக்கர் டி. வாட்லி, நிலத்தை இழந்துகொண்டிருந்த சிறு விவசாயிகளுக்கு இதையொத்த ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தார். வாடிக்கையாளர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து, ஆண்டுக் கட்டணத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர் அறிவுரை. 1986-ல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் குடும்பங்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டன. அவற்றில் ஒன்றான டெம்பிள்-வில்டன் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுச் செலவு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்லும். மொத்தம் போதவில்லை என்றால் மீண்டும் ஒரு சுற்று கேட்பார்கள். இயன்றவர் கூடுதலாகத் தருவார், இயலாதவர் குறைவாகத் தருவார். காய்கறியோ எல்லாருக்கும் உண்டு. திருத்தூதர் பணிகள் 2:44-45-ல் நாம் வாசிக்கும் தொடக்கத் திருச்சபையின் வாழ்வு நினைவுக்கு வருகிறது அல்லவா?

நம் தமிழ் மண்ணுக்கும் இது முற்றிலும் புதிதல்ல. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1996-ல் தொடங்கப்பட்ட சாலிட்யூட் பண்ணை, உறுப்பினர் குடும்பங்களுக்கு வாரக் கூடை கொடுத்து வந்துள்ளது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதும், இடையில் ஆள் இல்லாமல் விளைவிப்பவரும் உண்பவரும் சந்திக்க வேண்டும் என்ற நோக்கத்தில்தான். சங்கரன்கோவிலிலும் உழவர் சந்தை உண்டு. 2020, 2021 ஊரடங்கு நாள்களில் கடைகள் அடைக்கப்பட்டபோது, பல ஊர்களில் காய்கறித் தொகுப்புகள் பைகளில் கட்டப்பட்டு வண்டிகளில் தெருவுக்கே வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பைக்குள் என்ன இருக்கிறது என்று தேர்வு செய்யாமல், இருப்பதை வைத்துச் சமைத்து உண்டோம். அந்நாள்களில் கட்டாயத்தால் செய்ததை இப்போது மனமுவந்து செய்வதே இந்தப் பெட்டி.

ஒரு ரூபாயில் எவ்வளவு?

தென்காசி மாவட்டத்தில் விளையும் காய்கறியில் பெரும்பகுதி பாவூர்சத்திரம் போன்ற பெரிய சந்தைகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. விளைவிப்பவர், ஏற்றுபவர், கமிஷன் மண்டிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று பல கைகள் மாறிய பிறகே காய் அடுப்படிக்கு வருகிறது. அவர்களும் உழைக்கிறார்கள், அவர்களை எல்லாம் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் வெளிவந்த இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரைகளின்படி, தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. 

இதைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு. அது முன்பணம். விதைக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கையில் காசில்லாத சிறு விவசாயி, மண்டியில் முன்பணம் வாங்குகிறார். வாங்கியவர் விளைச்சலை அங்கேதான் கொண்டுபோய்ப் போட வேண்டும். விலை சொல்வது அவர் அல்ல. காய் மலிந்த நாளில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல், செடியிலேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மறுபுறம், 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் அரசு ரேஷன் கடைகள் வழியாக 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. விலை விழுந்தால் விவசாயி அழுகிறார். விலை ஏறினால் ஏழைக் குடும்பம் அழுகிறது.

காய்கறிப் பெட்டியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அதுவும் முன்பணம்தான். ஆனால் யாரிடமிருந்து வருகிறது என்பதில் வேறுபாடு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் குடும்பங்கள் வாரம் 250 ரூபாய் வீதம் பத்து வாரத்துக்கு முன்னதாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 25,000 ரூபாய் ஆகிறது. கால் ஏக்கரிலோ அரை ஏக்கரிலோ காய்கறி போடும் ஒருவர் வட்டிக்கு வாங்காமல் விதை ஊன்ற அது கைகொடுக்கும். மண்டியின் முன்பணம் அவரைக் கட்டிப்போடுகிறது. குடும்பங்களின் முன்பணம் அவரை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

வீட்டில் என்ன நடக்கும்?

எண்ணிக்கை நூல் 11-ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் மன்னாவை மட்டுமே உண்டு சலித்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுததாக வாசிக்கிறோம். பெட்டிக்குச் சந்தா கட்டிய வீட்டில் மூன்றாவது வாரம் இந்த முறுமுறுப்பு கட்டாயம் கேட்கும். "மறுபடியும் கத்தரிக்காயா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நாம் கேட்ட காய் வராது. வந்த காய் நமக்குப் பிடிக்காது. இதை முன்கூட்டியே அறிந்து தொடங்குகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். தெரியாமல் தொடங்குகிறவர்கள் ஒரே மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே நம் முன்னோரின் சமையல் கைகொடுக்கிறது. நெல்லைப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு எதற்காக வந்தது? வீட்டிலிருக்கும் கத்தரிக்காய் இரண்டு, வாழைக்காய் பாதி, சீனியவரைக்காய் ஒரு கைப்பிடி, முருங்கைக்கீரை கொஞ்சம் என்று எல்லாவற்றையும் அரிசி பருப்போடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஆக்குவது அல்லவா அது! அவியலும் அப்படித்தான். மார்கழி தை மாதங்களில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும், கோடையில் வெள்ளரியும் நுங்கும் என்று பருவத்துக்கு ஏற்ப உண்டவர்கள் நாம். எல்லாக் காயும் எல்லா நாளும் வேண்டும் என்பது அண்மையில் வந்த பழக்கம்.

அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. கிழங்கு வகைகள் இந்தக் கணக்கில் சேரா. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 11 கிலோவுக்கு மேல் ஆகிறது. நம்மில் பெரும்பாலோர் இதில் பாதிகூட வாங்குவதில்லை. எனவே முதலிலேயே பெரிய பெட்டி எடுத்தால் பாதி அழுகிப் போகும். சிறிய பெட்டியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே சரி. வந்த அன்றே கீரையை ஆய்ந்து சமைத்துவிட வேண்டும். அடுத்த இரண்டு நாளில் வெண்டையும் தக்காளியும். பூசணி, சேனை, வாழைக்காய், சின்ன வெங்காயம் போன்றவை வாரக் கடைசி வரை தாங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்ணோடு வரும் காயைக் கழுவுவதும், கீரை ஆய்வதும், புதுப்புதுக் காய்க்கு ஏற்பச் சமையலை மாற்றுவதும் வேலைதான். அந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தால், விவசாயியின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அம்மாவின் சுமையைக் கூட்டியவர்கள் ஆவோம். பெட்டி வரும் மாலையில் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்து கீரை ஆயலாமே! குடும்ப செபத்துக்கு முன் அரைமணி நேரம் அப்படி அமரும் வீட்டில் தொலைக்காட்சி தானாகவே அணைந்துவிடும்.

திருநூல் காட்டும் கூடை

இணைச்சட்டம் 26-ஆம் அதிகாரத்தில் ஒரு கூடை வருகிறது. ஆண்டவர் தந்த நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்து, குருவிடம் கொண்டுவர வேண்டும். அவர் அதை வாங்கிப் பலிபீடத்தின் முன் வைப்பார். கொண்டுவந்தவரோ தன் மூதாதையர் நாடோடியாய் அலைந்ததையும், எகிப்தில் அடிமையாய்த் துன்புற்றதையும், கடவுள் விடுவித்ததையும் அறிக்கையிட வேண்டும். அதாவது கூடையோடு ஒரு வரலாறும் வருகிறது. அந்த விளைச்சலைக் கொண்டு லேவியரும் உடன் வாழும் அந்நியரும் சேர்ந்து மகிழ வேண்டும் என்று அப்பகுதி முடிகிறது. கடையில் எடைபோட்டு வாங்கும் காய்க்கு வரலாறு கிடையாது. யார் விதைத்தார், எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றியது, யார் களை பறித்தார் என்று தெரிந்து உண்ணும் காய்க்கு வரலாறு உண்டு. தெரிந்து உண்பவர் நன்றி சொல்லாமல் உண்ண மாட்டார்.

மன்னாவின் கதையும் இதைத்தான் கற்பிக்கிறது. விடுதலைப் பயணம் 16-ஆம் அதிகாரத்தில், மிகுதியாகச் சேகரித்தவருக்கு மிஞ்சவும் இல்லை, குறைவாகச் சேகரித்தவருக்குக் குறையவும் இல்லை. நாளைக்கு என்று பதுக்கியது புழுத்துப் போனது. நம் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டு இன்று அந்தப் புழுத்த மன்னாவை நினைவூட்டுகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாக்கப்பட்டது என்றும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு கணக்கிட்டுள்ளது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவரே, எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சொன்னார் (யோவான் 6:12). 2013 ஜூன் 5 அன்று வழங்கிய பொது மறைக்கல்வி உரையில், உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். 

பொருள் வாங்குவது வெறும் பொருளாதாரச் செயல் மட்டுமல்ல, அது அறநெறிச் செயலும் ஆகும் என்பது திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-ல் வெளியிட்ட 'உண்மையில் பிறரன்பு' என்னும் சுற்றுமடலின் போதனை. 2015-ல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலும், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரிக்காமல் கேட்க நம்மை அழைக்கிறது. ஆக, காய்கறிப் பையைக் கையில் எடுக்கும்போதே நாம் ஓர் அறநெறி முடிவையும் எடுக்கிறோம்.

பணம் கட்ட இயலாதவர்கள்

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு. பத்து வாரத்துக்கு முன்பணம் கட்டக்கூடியவர் யார்? மாதச் சம்பளக்காரர் கட்டுவார். அன்றாடம் கூலிக்குச் செல்பவர் எப்படிக் கட்டுவார்? அந்தத் தோட்டத்தில் களை பறித்துக் காய் பறிக்கும் பெண்ணின் வீட்டுக்கே அந்தக் காய் போய்ச் சேரவில்லை என்றால், நம் பெட்டி வசதி படைத்தவரின் ஆடம்பரம் ஆகிவிடும். அறுவடை செய்தவரின் கூலி பிடிக்கப்பட்டால் அதுவே கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது லேவியர் 19:9-10.

ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு விதிகளை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, விலையை முடிவு செய்யும்போது தோட்டத்தில் வேலை செய்பவரின் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு, பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி வயலோரத்துக் கதிர்போல ஒதுக்கப்பட வேண்டும். அது தனித்து வாழும் முதியவருக்கோ கைம்பெண்ணின் வீட்டுக்கோ செல்லட்டும். அதற்கான செலவை மற்றக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். மேலும், வாரக் கூலி பெறுபவர் வாரந்தோறும் கட்டவும் வழி இருக்க வேண்டும்.

நம் பங்கில் தொடங்க

இதற்குப் பெரிய நிறுவனமோ செல்பேசிச் செயலியோ தேவையில்லை. நம்மிடம் அன்பியங்கள் இருக்கின்றன. ஓர் அன்பியத்தில் பத்துக் குடும்பங்கள் ஒத்துக்கொண்டால் போதும்.

முதலில், பக்கத்திலிருக்கும் ஒரு சிறு விவசாயியை அழைத்துப் பேசலாம். அவர் நம் பங்கைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். என்ன விளையும், எப்போது விளையும், எவ்வளவு செலவாகும் என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். விலையை இருவரும் சேர்ந்து முடிவு செய்து, பருவம் முழுவதும் அதை மாற்றாமல் இருக்க வேண்டும். சந்தையில் விலை ஏறினாலும் அவர் கூட்டக் கூடாது. இறங்கினாலும் நாம் குறைக்கச் சொல்லக் கூடாது. விளைச்சல் பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது உறவைக் காக்கும்.

இயற்கை முறையில்தான் விளைய வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போட வேண்டாம். மருந்துக்குப் பழகிய நிலம் மாறுவதற்குக் காலம் பிடிக்கும். என்ன மருந்து, எப்போது அடித்தார் என்று ஒளிக்காமல் சொல்வதும், ஆண்டுக்கு ஆண்டு குறைப்பதும் நல்ல தொடக்கம். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறையை மத்திய அரசு நடைமுறைப்படுத்தி வருகிறது. பின்னாளில் அதில் சேரலாம்.

தொடங்க ஏற்ற காலம் தவக்காலம். வடகிழக்குப் பருவமழை பெய்து கிணறுகளில் தண்ணீர் இருக்கும் மாதங்களுக்குப் பின் அது வருகிறது. புலால் தவிர்க்கும் வீடுகளில் காய்கறியின் தேவையும் கூடுதல். ஆறு வாரம் மட்டும் முயன்று பார்ப்போம் என்று தொடங்கினால் யாருக்கும் பாரமாக இராது. இடையில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்துவரலாம். வெண்டைக்காய் மேல்நோக்கிக் காய்ப்பதை முதன்முறையாகக் காணும் பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு சிலர் தொடர்வார்கள், சிலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துபவரையும் குறை சொல்ல வேண்டாம். ஒரு விவசாயியின் முகமும் அவர் கிணற்றின் ஆழமும் தெரிந்துவிட்ட பிறகு, அவர்களும் சந்தையில் பழையபடி பேரம் பேச மாட்டார்கள். அப்பத்தையும் இரசத்தையும் காணிக்கையாக்கும்போது நிலத்தின் விளைவையும் மனித உழைப்பின் பயனையும் இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். அந்த உழைப்பாளியின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒப்புக்கொடுத்தல் இன்னும் உண்மையுள்ளதாகும் அல்லவா?

சிந்திக்க:

இன்று நாம் உண்ட காய்களில் எத்தனையை விளைவித்தவர் நமக்குத் தெரிந்தவர்?

கடந்த வாரம் நம் வீட்டில் வீணான உணவு எவ்வளவு? அது யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

நம் அன்பியத்தில் பத்தாவது பெட்டி யாருடைய வீட்டுக்குச் செல்ல வேண்டும்?